ஷெப்பர்டன் ரயிலும் ஹைகேட் கல்லறையும்: பழைய அந்தாலஜி திகில் படங்களின் தடத்தில் லண்டன்

வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஷெப்பர்டன் போகும் ரயில் லண்டனின் தென்மேற்குப் புறநகர் வீடுகளின் கொல்லைப்புறங்களை ஒட்டியே ஓடும். விம்பிள்டன், கிங்ஸ்டன், டெடிங்டன், ஹாம்ப்டன் என்று நின்று நின்று போய், ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பாகத் தண்டவாளம் முடிகிற இடத்தில் இறக்கிவிடும். பல குறுங்கதைகளை ஒரே படமாகக் கோக்கும் பழைய பிரிட்டிஷ் அந்தாலஜி திகில் படங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் லண்டன் போனால், முதல் நாளை இந்த ரயிலுக்கு ஒதுக்கலாம். மில்டன் சுபோட்ஸ்கி, மேக்ஸ் ரோசன்பர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நடத்திய அமிக்கஸ் நிறுவனம் 1965 முதல் 1974 வரை ஏழு அந்தாலஜி படங்களை எடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை ஷெப்பர்டன் ஸ்டுடியோவின் அரங்குகளில் உருவானவை.

டிக்கெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லண்டன் கட்டண மண்டலம் ஹாம்ப்டனோடு முடிகிறது, ஷெப்பர்டன் அதைத் தாண்டி இருக்கிறது. நகருக்குள் பயன்படுத்தும் ஆய்ஸ்டர் அட்டையை நம்பி ஏறினால் கடைசி நிலையத்தில் கையைப் பிசைய நேரும். வாட்டர்லூவிலேயே போய்வர ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள். நிலையத்திலிருந்து ஸ்டுடியோ வாசலுக்கு அரை மணி நேர நடை. ஸ்டுடியோவைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு கிடையாது. உள்ளே இப்போதும் படப்பிடிப்பு நடக்கிறது, அதனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அப்படியிருந்தும் இந்த நடையை விடவேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் லிட்டில்டன் கிராமத்தின் புனித மேரி மக்தலேன் தேவாலயம், பழைய செங்கல் சுவர், குயின் மேரி நீர்த்தேக்கத்தின் உயர்ந்த கரை. வேலிக்கு அந்தப் பக்கம் லிட்டில்டன் பார்க் என்ற மாளிகையும் தோட்டமும். நார்மன் லவுடன் 1931இல் இந்த இடத்தை வாங்கித்தான் ஸ்டுடியோவாக மாற்றினார். மாளிகை, தோட்டம், மரங்கள், அரங்குகள் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைத்தால் படக்குழு லாரி ஏறிப் போகவேண்டிய நாட்கள் குறையும். 1971இல் வந்த 'த ஹவுஸ் தட் டிரிப்ட் பிளட்' படத்தின் சபிக்கப்பட்ட வீடு இந்த வளாகத்துக்குள் இருந்த கட்டடம்தான். தலைப்பில் ரத்தம் சொட்டினாலும் படத்தில் ரத்தம் கிடையாது.

கையில் பணம் குறைவு என்ற ஒன்றே இந்தப் படங்களின் உருவத்தைத் தீர்மானித்தது. அதுதான் அவற்றின் அழகும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கணக்கு எளிது. ஒரு முழுநீளப் படத்துக்கு ஒரு பெரிய நடிகரை ஒப்பந்தம் செய்தால் பல வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும். படத்தை நான்கைந்து கதைகளாக உடைத்தால் ஒவ்வொரு நடிகரும் சில நாட்கள் வந்தால் போதும். அதனால்தான் பீட்டர் குஷிங், கிறிஸ்டபர் லீ, ரால்ஃப் ரிச்சர்ட்சன், ஜோன் காலின்ஸ், டென்ஹோம் எலியட் போன்றவர்களை இவ்வளவு சின்னப் படங்களில் பார்க்க முடிகிறது. 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' (1972) ஏறத்தாழ 1,70,000 பவுண்டில் முடிந்த படம். கதைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கூடம், கூடத்துக்கு மூன்று சுவர். ஒரு கதை சப்பென்று இருந்தாலும் கால் மணி நேரத்தில் அது முடிந்து அடுத்தது வந்துவிடும்.

கதைகளைக் கோக்க ஒரு சரடு வேண்டும். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியபடி வேதாளம் கதை சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. அமிக்கஸ் படங்களில் கூடுதலாக ஒரு திருகல் உண்டு: கதை கேட்கிறவர்களின் கணக்குத்தான் கடைசியில் தீர்க்கப்படும். முதல் படமான 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' (1965) முழுவதையும் ஒரு ரயில் பெட்டி தாங்குகிறது. ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, ஆறாவதாகக் குஷிங் ஏறி, எதிர்காலம் சொல்லும் டாரட் சீட்டைக் கலைக்கிறார். அந்த மாதிரிக் கதவடைத்த தனி அறைப் பெட்டிகள் ஷெப்பர்டன் தடத்தில் இப்போது இல்லை. அதில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சசெக்ஸில் உள்ள புளூபெல் ரயில்வேக்குப் போகலாம். கிழக்கு கிரின்ஸ்டெட் வரை லண்டன் ரயில், அங்கிருந்து ஷெஃபீல்ட் பார்க் வரை நீராவி வண்டி. எல்லா நாளும் ஓடாது, அட்டவணை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது நாள் ஹைகேட். இங்கே பலரும் செய்கிற தவறு, பெயரைப் பார்த்து ஹைகேட் பாதாள ரயில் நிலையத்தில் இறங்குவது. இறங்கவேண்டியது அதற்கு முன்னால் வரும் ஆர்ச்வே, நார்தன் லைன். அங்கிருந்து ஹைகேட் ஹில் மேட்டில் ஏறி, வாட்டர்லோ பார்க் பூங்காவுக்குள் புகுந்து, ஸ்வெயின்ஸ் லேன் வாசல் வழியாக வெளியே வந்தால் கல்லறை எதிரே இருக்கும். மெதுவாக நடந்தால் இருபது நிமிடம். சாலைக்கு இருபுறமும் இரண்டு கல்லறைத் தோட்டங்கள். கார்ல் மார்க்ஸ் இருப்பது கிழக்கு, நாம் தேடிவந்தது மேற்கு. இரண்டுக்கும் கட்டணம் உண்டு. மேற்குக்கு டிக்கெட் எடுக்கும்போதே நிலவறைகளுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி நடைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகச் சுற்றும் டிக்கெட்டில் டெரஸ் கேடகோம்ஸ் என்ற அந்த நிலவறைகளின் உள்ளே போக முடியாது.

'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' தொடங்குவதே ஹைகேட்டில்தான். இசையமைப்பாளர் பாக் எழுதிய டொக்காட்டா என்ற ஆர்கன் இசை ஒலிக்க, செடிகொடி மண்டிய கல்லறைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஆர்கன் இசைக்கு உரிமைத்தொகை கிடையாது, கல்லறைகளுக்கு அரங்கச் செலவு கிடையாது. இரண்டு நிமிடத்தில் படத்துக்கு ஒரு நூற்றாண்டின் கனம் வந்துவிடுகிறது. பிறகு நிலவறையைச் சுற்றிப்பார்க்க வந்த பயணிகள் கூட்டம், அதிலிருந்து பிரிந்து வழிதவறும் ஐந்து பேர், எதிரே துறவி அங்கியில் ரிச்சர்ட்சன். அந்த உட்புறம் ஷெப்பர்டனில் போட்ட செட். வழிகாட்டியின் பின்னால் நிலவறைக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக இருக்கும் சவப்பெட்டிகளின் நடுவில் நிற்கும்போது, செட் போட்டவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பது தெரிந்துவிடும். உண்மையான நிலவறை குறுகலானது, அதிகம் இருட்டானது. கேமராவும் விளக்குகளும் திரும்ப அங்கே இடமில்லை.

1839இல் திறந்த இந்த மேற்குப் பகுதி, படம் எடுத்த காலத்தில் பராமரிப்பின்றிக் காடாகிக் கிடந்தது. பணமில்லாமல் 1975இல் மூடப்பட்டு, அதே ஆண்டு தொடங்கிய 'ஹைகேட் கல்லறையின் நண்பர்கள்' என்ற அமைப்பால் மீட்கப்பட்டது. எனவே திரையில் பார்த்த அடர்த்தி அப்படியே இருக்கும் என்று போகாதீர்கள். எகிப்திய அவென்யூவின் தூண்கள் அப்படியே நிற்கின்றன. அதைக் கடந்தால் வரும் சர்க்கிள் ஆஃப் லெபனான் என்ற கல்லறை வட்டத்தின் நடுவே குடைபோல விரிந்திருந்த தேவதாரு மரத்தை நோய் தாக்கியதால் 2019இல் வெட்டிவிட்டார்கள். பாதை சரிவானது, மழை பெய்தால் வழுக்கும். அடிப்பகுதி பிடிமானமுள்ள காலணி அவசியம். நவம்பர் முதல் மாலை நான்கு மணிக்கே வெளிச்சம் போய்விடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். இலை உதிர்ந்த மாதங்களில் சிலைகளின் முகம் தெரியும், கோடையில் பாதி பச்சைக்குள் மறைந்திருக்கும். படத்தின் சாயல் வேண்டுமானால் குளிர்காலம்தான்.

'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' படத்தில் எங்களுக்கு மிக உயர்வாகத் தோன்றுவது கடைசிக் கதை. பார்வையற்றோர் இல்லத்துக்கு வரும் புதிய மேலாளர் சாப்பாட்டையும் கணப்பையும் வெட்டுகிறார், தனக்கும் தன் நாய்க்கும் மட்டும் குறைவைப்பதில்லை. பேட்ரிக் மகீ தலைமையில் உள்ளே இருப்பவர்கள் மரத்தடுப்புகளால் வளைந்து செல்லும் ஒரு குறுகிய நடைபாதை கட்டுகிறார்கள். அதில் ஓரிடத்தில் சுவர் முழுக்கச் சவர பிளேடுகள். பல நாள் பட்டினி போட்ட நாய் மேலாளரின் பின்னால் வருகிறது, விளக்கு அணைகிறது. தேவைப்பட்டவை பலகை, பிளேடு, ஒரு சுவிட்ச், ஒரு நாய். பிளேடுகளை விளக்கு எரியும்போதே நமக்குக் காட்டிவிட்டார்கள், அதனால் இருட்டில் எதையும் காட்டத் தேவையில்லை. முதல் கதையில் ஜோன் காலின்ஸுக்கு ஒரே ஒரு வரவேற்பறை, கிறிஸ்துமஸ் இரவு. வெளியே கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் ஒரு கொலைவெறியன். போலீஸை அழைக்க முடியாது, ஏனென்றால் கணவனின் பிணம் தரைவிரிப்பில் கிடக்கிறது, கொன்றது அவள். தொலைபேசி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. செலவே இல்லாத பூட்டு அது.

'அசைலம்' (1972) படத்தில் இதைவிடச் சிக்கனமான ஒரு காட்சி உண்டு. துண்டாக்கப்பட்ட உடலைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிச் சணலால் கட்டி உறைபெட்டியில் வைக்கிறான் கணவன். பொட்டலங்கள் நகரத் தொடங்குகின்றன. தலை இருக்கும் பொட்டலத்தின் காகிதம் மூச்சுக்கு ஏற்ப உள்ளே போய் வெளியே வருகிறது. பொட்டலம் எதையும் பிரித்துக் காட்டியிருந்தால் மெழுகுத் தலை என்று கண்டுபிடித்திருப்போம். பலவீனமான கதைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. 1965 படமான 'டாக்டர் டெரர்ஸ்' காட்டும் கொலைகாரக் கொடிச்செடி வெளிச்சத்தில் முழுதாக நிற்கிறது, அசைகிறது, பயம் அங்கேயே கலைந்துவிடுகிறது. 'அசைலம்' படத்தில் மனநோய் மருத்துவமனையாக வரும் கட்டடம் வின்ட்சருக்குப் பக்கத்தில் விங்க்ஃபீல்டில் உள்ள நியூ லாட்ஜ். தனியார் இடம், வெளியாட்கள் நுழைய முடியாது. இதற்காக ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

நகருக்குள் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால் பிம்லிகோ நிலையத்தில் இறங்கித் தேம்ஸ் கரைக்கு நடந்து மில்பேங்க் டவரை வெளியிலிருந்து பாருங்கள். 'த வால்ட் ஆஃப் ஹாரர்' (1973) படத்தில் ஐந்து பேர் லிஃப்டில் ஏறி, அழுத்தாத அடித்தளத்துக்கு இறங்கிப்போவது இந்தக் கட்டடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதன் முதல் கதையில் அண்ணன் தங்கையாக நடிக்கும் டேனியல் மாசியும் அன்னா மாசியும் நிஜத்திலும் உடன்பிறந்தவர்கள். அடுத்த ஆண்டு வந்த 'ஃப்ரம் பியாண்ட் த கிரேவ்' படத்தில் டொனால்ட் பிளெசன்ஸும் அவர் மகள் ஏஞ்சலாவும் தந்தை மகளாகவே வருகிறார்கள். அந்த முக ஒற்றுமையை எந்த ஒப்பனையாலும் கொண்டுவர முடியாது.

மூன்றாவது நாளுக்கு விட்ஸ்டபிள். விக்டோரியா அல்லது செயின்ட் பாங்க்ராஸிலிருந்து கென்ட் கடற்கரை ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். குஷிங் இந்த ஊரில் வாழ்ந்தார். அவர் மனைவி ஹெலன் 1971 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு படமான 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' கதை ஒன்றில், இறந்த மனைவியை எண்ணியபடி தனியே வாழும் கிரிம்ஸ்டைக் என்ற முதியவராக நடித்தார். அக்கம்பக்கத்தார் அவரை விரட்டக் கொடுமையான காதலர்தின அட்டைகள் அனுப்புகிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கும் அந்த முகத்தை நினைத்துக்கொண்டு, அவர் பெயர் தாங்கிய கடலோர இருக்கைகளில் சற்று உட்காருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் பழைய திரையரங்கு ஒன்று அவர் பெயரில் பப்பாக இருக்கிறது, சுவர்களில் சினிமாப் பொருட்கள். மதிய உணவுக்கு மலிவான இடமும் அதுதான்.

கிளம்பும் முன் நான்கு படங்கள் போதும்: 'டாக்டர் டெரர்ஸ்', 'டேல்ஸ்', 'அசைலம்', 'பியாண்ட் த கிரேவ்'. நேரமிருந்தால் இவற்றுக்கெல்லாம் முன்னோடியான, ஈலிங் ஸ்டுடியோவின் 1945 படம் 'டெட் ஆஃப் நைட்'. 'வால்ட்' வாங்குகிறவர்கள் மட்டும் பிரதியைச் சோதியுங்கள். முதல் கதையின் முடிவில், கழுத்தில் குழாய் பொருத்திய காட்சி திடீரென்று அசையாப் படமாக உறைந்து நின்றால் அது தணிக்கையில் வெட்டுப்பட்டது, காட்சி ஓடினால் முழுமையானது.