இருபது மீட்டர் குருவி

நாற்பது மீட்டரில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள், 7 மெகாஹெர்ட்ஸை அதன் அலை நீளத்தை வைத்து அப்படித்தான் சொல்வோம். காலையில் செட்டைப் போட்டால் அதே நாலு பேர். "அங்க மழையா?" "இல்ல சார், வெயில்தான்." இதைக் கேட்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கவே வேண்டாம். 14 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது இருபது மீட்டருக்குப் போனால், நல்ல நாளில் சாயங்காலம் ஐரோப்பாவே பேசும். என் ரேடியோ இரண்டிலும் ஓடும். நானே கட்டிய ஆம்ப்ளிஃபயர்தான் நாற்பதைத் தாண்டாது.

காரணம் அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் லோபாஸ் ஃபில்டர். 7-க்கு மேலே கிளம்பும் வேண்டாத மடங்கு அலைகளை, அதாவது ஹார்மோனிக்ஸை, வடிகட்ட வைத்தது. அதில் 14-ஐ விட்டால் அதையும் குப்பை என்றே நினைத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

முதலில் ஆன்டெனா. தென்னை மரத்துக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடுவே நாற்பதுக்கான டைபோல், அதாவது நடுவில் இணைப்புள்ள 20 மீட்டர் நீள வயர் ஆன்டெனா, தொங்கிக்கொண்டிருந்தது. புது பேண்டுக்குப் பாதி நீளம் போதும். பக்கத்துக்கு 5 மீட்டர் வெட்டினேன். மிச்ச வயரைப் பார்த்த அம்மா, "கேட்டுக்கு ஒரு பெல் வைன்னு எத்தனை மாசமா சொல்றேன்" என்று ஆரம்பித்தார். சரி, வயர் வீணாகாது. இரண்டு துண்டையும் முறுக்கி, கேட்டில் சுவிட்சும் ஹாலில் பேட்டரி பெல்லும் மாட்டினேன். அழுத்தினால் குருவி கத்தும். அம்மாவுக்குப் பரம திருப்தி.

அப்புறம் ஃபில்டர். அதிர்வெண் இரட்டிப்பானால் கெப்பாசிட்டரும் காயிலும் பாதியாக வேண்டும். கெப்பாசிட்டரைப் பாதியாக்கினேன். காயில் சுற்றியிருந்த சிவப்பு டோராய்டு வளையத்தில் 16 சுற்று இருந்தது; 8 ஆக்கினேன். இதைப் படிக்கும் ஹாம் நண்பர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். பாதியாக வேண்டியது காயிலின் மதிப்பான இண்டக்டன்ஸ்; அது சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுற்றைப் பாதியாக்கினால் அது கால்வாசியாகிவிடும். இரண்டு முறை எழுதிப் பாஸ் செய்த பாடம் என்பதால் இரண்டு முறை மறந்திருக்கிறேன் போல.

மைக்கைப் பிடித்து "ஹலோ டெஸ்ட்" என்றேன். ஆம்மீட்டர் முள் வலது ஓரத்துக்கு ஓடியது. ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் இரண்டில் ஒன்று புகையாகப் பதில் சொன்னது.

"என்னடா, தாளிக்கிற வாசனை மாதிரி இல்லையே?" என்றது சமையலறை.

16-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 11 சொச்சம். 11 சுற்றினேன். புது டிரான்சிஸ்டர் போட்டேன். டிரான்சிஸ்டரைத் தயார் நிலையில் வைக்கும் பயாஸ் வோல்டேஜை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினேன். சோதனைக்கு ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடில் 30 வாட் வந்தது! நாற்பதில் வந்ததைவிடக் கொஞ்சம் கம்மிதான். அதிர்வெண் மேலே போகப் போக இந்த மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் அப்படித்தான் சோர்ந்துபோகும்.

அன்று சாயங்காலமே ஓர் இத்தாலிக்காரர் மாட்டினார். ஃபைவ் நைன் என்றார்; சிக்னல் பிரமாதம் என்று அர்த்தம். நானும் பெயர், ஊர், ஆன்டெனா எல்லாம் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்கள் வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா?"

அப்போதுதான் கவனித்தேன். ஹாலில் குருவி கத்திக்கொண்டிருந்தது. நான் வாயை மூடினால் அதுவும் மூடியது. அம்மா நாலாவது முறையாகக் கேட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். "எந்தக் கடங்காரப் பசங்கடா பெல் அடிச்சிட்டு ஓடுறது?" என்று தெருவையே ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

டம்மி லோடில் பேசினால் குருவி அமைதி. ஆன்டெனாவில் விட்டால் கச்சேரி. சந்தேகம் வந்து பெல் வயரை டேப் வைத்து அளந்தேன். சரியாக 5 மீட்டர். இருபது மீட்டர் அலைக்கு அச்சு அசல் கால் அலை நீளம்; அந்த அலையை ஆன்டெனா மாதிரியே பிடித்துக்கொள்ளும்! அளந்து வெட்டியது நானே. ஆம்ப்ளிஃபயரை மாற்றத்தான் மூன்று வாரம் ஆனது. காலிங் பெல்லை முதல் நாளே இருபது மீட்டருக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

பெல்லின் இரண்டு முனைக்கும் குறுக்கே, ரேடியோ அலையை ஓரங்கட்ட, ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்தேன். பழைய மானிட்டர் கேபிளில் இருந்த ஃபெரைட் வளையத்தைக் கழற்றி, அதில் வயரை ஏழெட்டுச் சுற்று சுற்றினேன். குருவி அடங்கியது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, திட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குருவி கத்தியது. அம்மா அசையவே இல்லை. மறுபடி கத்தியது. "மைக்கைக் கீழ வைடா, காது வலிக்குது" என்றார் உள்ளே இருந்தே.

என் கையில் இருந்தது தோசை. நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் கேஸ் சிலிண்டர் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.