'லேசா'வுக்கு எத்தனை ஆர்பிஎம்?

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பாலிதீன் ஃபிலிம் ஓட்டும் சின்ன யூனிட் ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்த்த காலம். பிளாஸ்டிக் குருணையை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் ஸ்க்ரூவைச் சுற்றுவது ஒரு டிசி மோட்டார். வேகம் ஆடினால் ஃபிலிமின் மைக்ரானும், அதாவது தடிமனும், ஆடும். பார்ட்டி ரோலைத் திருப்பி அனுப்பிவிடுவார். மோட்டாரை ஓட்டும் டிரைவில் இருந்தது பழைய பிஐ கண்ட்ரோலர்; வேகம் எவ்வளவு பிசகுகிறது, எவ்வளவு நேரமாய்ப் பிசகுகிறது என்று கணக்குப் பார்த்துத் திருத்துவது. காலையில் ட்யூன் செய்து வைத்தால் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் பிசகும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். மோட்டாருக்குள் இருக்கும் செம்பு வைண்டிங் 50 டிகிரி சூடேறினால் 20 சதவீதம். காலையில் பார்த்த மோட்டாரா அது?

எனக்கோ அப்போது ஃபஸி லாஜிக் பித்து: 'லேசா', 'ரொம்ப' மாதிரிச் சொற்களை வைத்தே விதி எழுதி மெஷினை ஓட்டும் முறை. 1965இல் அதற்கு அடித்தளம் போட்டு ஸாதே எழுதிய கட்டுரை, அப்புறம் மம்தானி லண்டன் ஆய்வகத்தில் நீராவி எஞ்சினை அதை வைத்து ஓட்டியது, 1987இல் அதை வைத்தே ஓடத் தொடங்கிய ஜப்பானின் செண்டாய் சுரங்க ரயில் என்று வாசித்துத் தள்ளியிருந்தேன். விதிகளுக்கு எங்கே போவது? சீனியர் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன்.

"லேசா இழுத்தா லேசா ஏத்துவேன். இழுத்துக்கிட்டே போச்சுன்னா யோசிக்காம ஏத்துவேன். அதுவா சரியாகி வருதுன்னா கையை எடுத்துருவேன் தம்பி."

வேகப் பிழைக்கு ஐந்து சொல், அது மாறும் விதத்துக்கு ஐந்து சொல். ஆக 25 விதிகள். 'லேசா'வுக்கு எத்தனை ஆர்பிஎம் அண்ணே என்று கேட்டதற்கு மட்டும் சிரித்தார்.

ஓடியது, நன்றாகவே ஓடியது. குருணை மாற்றும்போது வரும் உதறல் அடங்கிவிட்டது. மூன்று மாதம் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

ஒரு நைட் ஷிஃப்டில் மோட்டார் திடீரென எகிறியது. வேகத்தை அளக்கும் டேகோவை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் அறுந்திருந்தது. வேகம் பூஜ்யம் என்று டேகோ சொல்ல, கண்ட்ரோலர் முடுக்கிக்கொண்டே போனது. இதை பிஐயும் செய்திருக்கும், அதில் வித்தியாசமில்லை. என்னை உறுத்தியது வேறு. கப்ளிங் ரப்பர் தேய்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தச் சின்ன ஆட்டத்தை 'பிழையே இல்லை' என்று நான் வைத்திருந்த 'பூஜ்யம்' என்ற பட்டை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பழைய பிஐ என்றால் அன்றைக்கே முனகியிருக்கும். அண்ணனும் டார்ச்சோடு போய் நின்றிருப்பார்.

மறுவாரம் பிஐயைத் திரும்ப மாட்டினேன். அதன் கெயினை, அதாவது பிழையை எவ்வளவு பலமாய்த் திருத்தும் என்பதை, ஓர் எல்லைக்குள் ஏற்றி இறக்குவது மட்டும் ஃபஸியின் வேலை. மோட்டாருக்குப் போகும் ஆர்மேச்சர் வோல்டேஜ் இருந்தும் டேகோ பூஜ்யம் காட்டினால் உடனே டிரிப். அண்ணன் பேனல் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தார்: கப்ளிங் ரப்பர், மாசம் ஒருக்கா.