சோடியம் குளோரைடுக்கு ஐந்தொகை போடுங்கள்

பிளஸ் ஒன்னில் அயனிப் பிணைப்பு வந்ததும் "இதுதான் பத்தாவதிலேயே படித்தாச்சே" என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். எலக்ட்ரான் அடுக்கில் சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. ஒன்று கொடுக்கும், மற்றது வாங்கும், இரண்டுக்கும் எட்டு நிரம்பும். சின்னக் கேள்விக்கு இது போதும். "ஏன் உருவாகிறது?" என்று ஐந்து மார்க்கில் கேட்டால் போதாது.

காரைக்குடியில் எனக்கு டியூஷன் எடுத்த ஐயா, "செட்டிநாட்டுப் பிள்ளைகள்தானே, ஐந்தொகை போடுங்கப்பா" என்பார், அதாவது வரவு செலவுக் கணக்கு. உப்பு உருவாகும் ஒவ்வொரு படியின் ஆற்றலையும் கூட்டிக் கழிக்கும் பார்ன்-ஹேபர் சுழற்சி எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

ஒரு மோலுக்குக் கிலோஜூலில் கணக்கு. முதலில் செலவு: திடச் சோடியத்தை ஆவியாக்க 108, குளோரின் மூலக்கூறைப் பிளந்து ஒரு மோல் அணு எடுக்க 121, சோடியத்திடம் எலக்ட்ரானைப் பிடுங்க 496. மொத்தம் 725. வரவு, குளோரின் அந்த எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் 349 மட்டும். இங்கே நிறுத்தினால் 376 நஷ்டம்! ஆகவே "சோடியம் தானாகவே கொடுத்துவிடுகிறது" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். நஷ்டத்தை ஈடுகட்டுவது படிகக்கூடு ஆற்றல்தான். நேர் அயனியும் எதிர் அயனியும் நெருங்கி அடுக்கிக்கொள்ளும்போது 788 வெளிவருகிறது. மிச்சம் 412. புத்தகத்துக்குப் புத்தகம் ஒன்றிரண்டு முன்பின் இருக்கும், பயப்பட வேண்டாம்.

சரி, இரண்டாவது எலக்ட்ரானையும் ஏன் கொடுப்பதில்லை? அதை எடுக்க 4562 வேண்டும். எந்தப் படிகமும் அந்தக் கடனை அடைக்காது.

உருகுநிலையும் இதே கணக்குதான். சோடியம் புளோரைடு 993 டிகிரி செல்சியஸ், குளோரைடு 801, புரோமைடு 747, அயோடைடு 661. எதிர் அயனி பெரிதாகப் பெரிதாக இடைவெளி கூடும், இழுவிசை குறையும். இந்த நான்கு எண்களையும் வரிசையாக எழுதிக் காரணத்தையும் சொன்னால் விடை நிறைவாக இருக்கும். லித்தியம் அயோடைடைத் தனியாகப் படியுங்கள். சின்ன லித்தியம் அயனி பெரிய அயோடைடின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுப்பதால் அதில் சகப்பிணைப்புத் தன்மை, அதாவது எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் தன்மை, கலந்திருக்கும்.

திட உப்பு மின்சாரம் கடத்தாது. உருக்கினாலோ தண்ணீரில் கரைத்தாலோ கடத்தும், காரணம் அயனிகள் நகர்வது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து நம் ஊருக்கு வந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையே இப்படி நகரும் அயனிகளோடுதான். பள்ளியிலிருந்து அங்கே கூட்டிப்போனால் தவறவிடாதீர்கள்.

அப்புறம், புத்தகத்தை மூடிவிட்டுப் பொட்டாசியம் குளோரைடுக்குப் போட்டுப் பாருங்கள். செலவு 89, 121, 419. வரவு 349, 717. மிச்சம் 437 வர வேண்டும்.