பத்தியில் இருக்கிறதா?

"ஆனா அது உண்மைதானேப்பா!"

மகள் விடுவதாக இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடியின் பயிற்சித் தேர்வில் தேனீக்களைப் பற்றி ஒரு சின்னப் பத்தி. அவள் தேர்ந்தெடுத்த விடை உண்மைதான். பத்தியில்தான் அது இல்லை.

மறுபடி படித்தாள். 'ஹவ்எவர்', அதாவது 'ஆனாலும்' என்ற சொல்லில் விரல் நின்றது.

"ஓ... இங்கதான் திரும்புது."

கேள்வியில் கேட்ட விஷயம் முழுக்க அந்தச் சொல்லுக்கு அப்புறம்தான் இருந்தது.

படிப்பதும் எழுதுவதும் சேர்ந்த அந்தப் பகுதியில் 64 நிமிடத்துக்கு 54 கேள்விகள். வேகம் வேண்டும், சரி. ஆனால் நமக்குத் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று காதுகொடுப்பது எவ்வளவு கஷ்டமான வேலை! பெரியவர்களுக்கே வாய்ப்பதில்லை.

அடுத்த பத்திக்குப் போய்விட்டாள். திரையில் தெரியும் நான்கு விடைகளையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.