பெரியம்மாவின் இடது கை

இன்று காலை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பெரியம்மா, "நம்ம... நம்ம..." என்று நின்றுவிட்டார்.

இடது கை எழுந்தது. இல்லாத உளியைப் பிடித்துச் சாய்வாக ஒரு சீவு. அப்புறம் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை ஏந்துவதுபோல் உள்ளங்கை.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துக் கூட்டாளியைப் பற்றிக் கேட்கிறார்!

பக்கவாதத்தால் வந்த அஃபேசியா என்ற பேச்சுக் குறைபாடு பறித்தது சொல்லைத்தான், அறிவை இல்லை.

1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா விவரித்த நோயாளிக்குப் பெரும்பாலும் "டான்" என்ற ஒலிதான் வந்தது. மற்றதைக் கையசைவால் உணர்த்தினார்.

சிலருக்குச் சைகையும் தடுமாறும். பெரியம்மாவுக்கு வருகிறதே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

வீட்டில் நாங்களும் இப்போது கையோடு சேர்த்துத்தான் பேசுகிறோம். தம்ளரைக் காட்டி, "கோப்பியா பெரியம்மா?" என்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசுவதில்லை.