0.4 விழுக்காடு: சுங்கை சிப்புட் குறிப்புகள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

கோலாலம்பூரில் ஓர் இணையச் செய்தி நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. ஆய்வுப் பிரிவு வேலை. நேர்முகத்துக்கு முன் ஒரு சோதனை வைக்கிறார்கள்: நாட்டில் ஏழ்மை கூடியதா, குறைந்ததா என்று நிருபர் எழுதப்போகும் கட்டுரைக்குப் பின்னணிக் குறிப்பு. ஒரே பக்கம், ஒவ்வோர் எண்ணுக்கும் மூலம்.

மாமா பசியாற வந்திருந்தார். "சோசியாலஜி படிச்சா வெல்ஃபேர்ல வேலை கெடைக்கும்னாங்க. நீ என்னா, நியூஸ் வாசிக்கப் போறியா?"

எழுதுறவங்களுக்குத் தகவல் தேடிக் குடுக்கணும், எழுதுனது சரியான்னு பாக்கணும் மாமா என்றேன்.

"அத அவங்களே பாத்துக்க மாட்டாங்களா?"

நியாயமான கேள்விதான்.

மார்ச் 6, வியாழன்

புள்ளிவிவரத் துறை அறிக்கைகளோடு நாள் முழுக்க. 2016இல் ஏழ்மை 0.4 விழுக்காடு. 2019இல் 5.6. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூன்றே வருடத்தில் ஏழ்மை பதினான்கு மடங்கு ஏறியது என்று தலைப்பு தயார். அவசரத்தில் இருக்கிற எவரும் போட்டுவிடுவார்கள்.

நடந்தது வேறு. பழைய வறுமைக் கோடு மாதம் 980 ரிங்கிட், ஒரு குடும்பம் முழுவதற்கும். ஐ.நா.வின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019 ஆகஸ்டில் இங்கு வந்து, இந்தக் கோடு நடைமுறைக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போனார். 2020 ஜூலையில் அரசாங்கம் கணக்கிடும் முறையை மாற்றியது. சத்தான சாப்பாட்டுக்கு என்ன ஆகும் என்று பார்த்ததில் கோடு 2,208 ரிங்கிட்டுக்கு ஏறியது. அதே முறையில் 2016ஐத் திரும்பக் கணக்கிட்டால் 7.6 விழுக்காடு.

ஆக 7.6இலிருந்து 5.6க்கு இறங்கியிருக்கிறது. கோவிட் வந்த 2020இல் 8.4. 2022இல் கோடு 2,589, ஏழ்மை 6.2.

முதலாம் ஆண்டு ஆய்வுமுறை வகுப்பில் எங்களைத் தூங்கவைத்த பாடம் இதுதான்: ஒன்றை அளப்பதற்கு முன் எதை வைத்து அளக்கிறாய் என்று எழுதி வை. விரிவுரையாளரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

அத்தை வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்துவிட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்.

அடுப்பங்கரை ஆணியில் 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகம் தொங்குகிறது. மளிகைக்கடைக் கடன் கணக்கு. அரிசி, நெத்திலி, டின் பால், எண்ணெய். மாதத்தின் மூன்றாவது வாரத்திலிருந்து நெத்திலி இல்லை, முட்டை மட்டும். கட்டிய தொகைகளுக்குக் குறுக்குக் கோடு. பள்ளி திறந்த மாதத்தில் ஒரு கோடுகூட இல்லை.

ஜொகூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறான், சில மாதம் அனுப்புவதில்லை. அவனை இந்தக் குடும்பத்தில் எண்ணுவதா, கூடாதா? கணக்கெடுப்பில், ஒரே வீட்டில் வாழ்ந்து செலவைப் பகிர்கிறவர்கள்தான் குடும்பம். 2,589 என்பதும் சராசரிதான். ஆள் எண்ணிக்கை, வயது, இடத்தைப் பொறுத்துக் குடும்பத்துக்குக் குடும்பம் கோடு மாறும். இதைச் செய்தியில் நான் பார்த்ததே இல்லை.

இளைய மகன் கொன்ட்ரெக்டரிடம் செம்பனைக் குலை வெட்டுகிறான், டன் கணக்கில் கூலி. பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனதே என்றேன். "எங்க ஆளுக்கு மொத்தமே மூணு பேருதான்கா." அஞ்சு பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கு ஆகஸ்ட் வரை தவணை உண்டு. அவன் சட்டத்தைப் படித்ததில்லை, ஆனால் சரியான இடத்தில் கை வைத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

வேலை ஓடவில்லை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் 1948 ஜூனைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். பேராக்கில் நம் ஊர்ப் பக்கத்தில் சுடப்பட்ட மூன்று தோட்ட அதிகாரிகள், அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம். வாக்கர், அலிசன், கிறிஸ்டியன் என்ற பெயர்கள் எங்கே படித்தாலும் வந்துவிடும். அன்று பெரட்டில், தோட்டத்தின் காலை ஆள்கணக்கு வரிசையில், நின்றவர்களின் பெயர்களைத் தேடத்தான் ஒரு நாள் போதாது.

மார்ச் 12, புதன்

குறிப்பை அனுப்பிவிட்டேன். அத்தையின் புத்தகத்தைச் சேர்க்கவில்லை. ஒரு வீட்டை வைத்து நாட்டைப் பேச முடியாது. அங்கே கிடைத்ததை மூன்று கேள்விகளாக்கி நிருபருக்குக் கொடுத்தேன்: வெளியூர் மகனின் பணம் எங்கே சேருகிறது, டன் கூலியில் மழை மாதம் என்ன ஆகிறது, சின்னக் கொன்ட்ரெக்டர்களிடம் எத்தனை பேர்.

சாயங்காலம் செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். 7.6 எங்கே இருக்கிறது என்று கேட்டார், பக்கம் சொன்னேன். பிறகு, "உங்க ஊர்ல படம் எடுக்கிற மாதிரி ஒரு குடும்பம் கிடைக்குமா?" கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். அவருக்கு அது பிடித்ததா இல்லையா, தெரியவில்லை.

அத்தையிடம் கேட்டாயிற்று. "என் பேரு வேணாம், மூஞ்சி வேணாம். புத்தகத்த வேணா எடுத்துக்க. கடக்காரரு பேரு எழுதுன அட்ட மட்டும் தெரியக் கூடாது. நாளைக்கு அவரு கடன் குடுக்கணுமில்ல."