மணலுக்கு எந்தக் கத்தி?
கோத்தகிரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இந்த லீவு முழுக்க மணல் கோபுரம்தான். 2014-இல் பத்மஸ்ரீ வாங்கிய, ஒடிசாவின் பூரி நகரத்து மணல் சிற்பி சுதர்சன் பட்நாயக்கின் படங்களைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு அதே நினைப்பு.

மணல், வீட்டு வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட். உடைத்த கல் என்பதால் துகளுக்கு முனை இருக்கிறது, ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது. அடி வெட்டிய பெயிண்ட் வாளியில் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினோம்.

கருவிக்குத்தான் அலைந்தேன். முதலில் எடுத்தது கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி. தேயிலைக்குச் சரி, இங்கே அதன் கனமே கோபுரத்தின் ஒரு பக்கத்தைப் பிளந்துவிட்டது. அன்று அவள் சாப்பிடவே இல்லை.

இப்போது பெரிய வெட்டுக்குக் கொத்தனாரின் சின்னக் கரண்டி, தேய்ந்து பளபளப்பானதாகப் பார்த்து வாங்கினேன். துரு இருந்தால் மணல் ஒட்டிப் பெயர்ந்துவிடும். நுணுக்கத்துக்கு ஓவியர்களின் வளையும் கத்தி. அழுத்தாமல் சீவ வேண்டும், உச்சியிலிருந்து கீழே. மாடக்குழியில் தேங்கும் துகளைப் பிரஷ்ஷால் தொடாதீர்கள், குழியின் விளிம்பு மழுங்கிவிடும். ஜூஸ் ஸ்ட்ராவை ஓரமாகப் பிடித்து மெல்ல ஊதினால் போதும். மகள் மூச்சைப் பிடித்துப் பிடித்து ஊதுகிறாள்.

நாலு மணிக்கு மூட்டம் இறங்கிவிட்டால் மணல் காய்வதே இல்லை. அதனால் நேற்று இருட்டும்வரை செதுக்கினோம்.